துணி அஞ்சலட்டையில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு செய்யும் அஞ்சலட்டை பார்வைக்கு எளிய பொருளாகத் தோன்றினாலும், வெவ்வேறு இயல்புள்ள பல அடுக்குகளை ஒரே ஓரத் தையலில் பிணைக்கும் வேலை அது. எனவே ஒரு ரவிக்கையிலோ திரைச்சீலையிலோ யாரும் கவனிக்காத பிழைகள்கூட உள்ளங்கை அளவுள்ள அந்தப் பரப்பில் பளிச்சென்று தெரிந்துவிடுகின்றன. பெரும்பாலான பிழைகள் கடைசிக் கட்டமான ஓரத் தையலின்போதுதான் வெளிப்படும். ஆனால் காரணம் அதற்கு முன்பே, துணியை வெட்டியபோதோ ஒட்டியபோதோ உருவாகியிருக்கும். ஆகையால் இயந்திரத்தின் திருகுகளைத் திருப்பத் தொடங்குவதற்கு முன்னால், அறிகுறியைக் கொண்டு எந்தக் கட்டத்தில் தவறு நேர்ந்தது என்பதைக் கண்டுபிடிப்பதே சிக்கனமான வழி.

இங்கே சொல்லப்படும் அட்டையின் அமைப்பு இதுதான்: மேலே முகப்புத் துணி, நடுவில் தடித்த கேன்வாஸ், கீழே எழுதுவதற்கேற்ற வெளிர்நிறத் துணி அல்லது தடித்த தாள், இவற்றுக்கு இடையே இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உருகி இருபுறமும் ஒட்டும் பசை வலை. மிகத் தடித்த கேன்வாஸ் கிடைக்காவிட்டால், சட்டைக் காலருக்குப் பயன்படும் கேன்வாஸை இரண்டு அடுக்காக ஒட்டிக்கொள்ளலாம். முடிந்த அட்டையின் அளவு 4 அங்குலத்துக்கு 6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 102 மில்லிமீட்டருக்கு 152 மில்லிமீட்டர். அடுக்குகளை இந்த அளவைவிட அரை அங்குலம் கூடுதலாக வெட்டி, ஒட்டி, அலங்கரித்த பிறகே சரியான அளவுக்கு நறுக்க வேண்டும். முதலிலேயே சரியான அளவுக்கு வெட்டிவிட்டால், தையல் இழுத்து அட்டை சிறுத்துப்போவதைத் தடுக்க வழியில்லை.

ஓரம் அலை அலையாக நெளிகிறது

அட்டையை மேசையின் மீது வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி தட்டையாக இருந்து நான்கு ஓரங்களும் நெளிந்தால், சாட்டின் தையல், அதாவது ஓரத்தை மூடும் நெருங்கிய ஜிக்ஜாக் தையல், அளவுக்கு மேல் நெருக்கமாக விழுந்திருக்கிறது என்று பொருள். நெருங்கிய ஜிக்ஜாக் தையலில் ஒவ்வொரு குத்தும் ஓரத்துக்குள் நூலைத் திணிப்பதால், ஓரத்தின் நீளம் நடுப்பகுதியின் நீளத்தைவிடச் சிறிது கூடிவிடுகிறது. கூடிய நீளத்துக்கு இடமில்லாமல் அது அலையாகிறது. தையல் நீளத்தை 0.2 மில்லிமீட்டரில் வைத்து ஒரே சுற்றில் முடிக்க முயல்பவர்களுக்கு இது தவறாமல் நேரும். அதற்குப் பதிலாக இரண்டு சுற்றுகளாகத் தையுங்கள்: முதல் சுற்றில் அகலம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர், நீளம் 1.5 மில்லிமீட்டர் என்று இடைவெளியோடு தைத்து அடுக்குகளைப் பிணைத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் அகலம் 3.5 முதல் 4, நீளம் 0.4 முதல் 0.5 என்று வைத்து முதல் சுற்றை மூடுங்கள். முதல் சுற்று ஓரத்தை நீளாமல் பிடித்துக்கொள்வதால் இரண்டாவது சுற்றுக்கு நெருக்கம் குறைவாகவே தேவைப்படும்.

நெருக்கம் சரியாக இருந்தும் ஓரம் நெளிகிறதென்றால் கைகளைக் கவனிக்க வேண்டும். அட்டை மெதுவாக நகர்கிறது என்ற பொறுமையின்மையில் பின்புறமிருந்து அதை இழுப்பது பலருக்கும் உள்ள பழக்கம். இழுத்த இடத்தில் தையல் அகன்றும், விட்ட இடத்தில் குவிந்தும் காணப்படுவதைக் கொண்டே அதை அடையாளம் காணலாம். எதிரெதிரான இரண்டு ஓரங்கள் மட்டும் நெளிந்து மற்ற இரண்டும் நேராக இருந்தால், குறை துணியின் இழைத் திசையில் இருக்கிறது. பாவு நூல் ஓடும் திசையில் துணி மிகக் குறைவாகவும், ஊடை நூல் ஓடும் திசையில் சற்றுக் கூடுதலாகவும், கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டினால் மிக அதிகமாகவும் நீளும். துண்டுத் துணி கிடைத்த வாக்கில் வெட்டப்படுவதால் இந்த வேறுபாட்டை யாரும் பார்ப்பதில்லை. பசை வலை ஓரம்வரை முழுமையாக ஒட்டியிருந்தால் கிராஸ் துண்டுகூட அடங்கி நிற்கும். ஓரத்தில் பசை இறங்காத அட்டைதான் நெளியும்.

நெளிவு சிறிதாக இருந்தால், மேலே ஈரத்துணி போட்டு அழுத்தித் தேய்த்து, சூடு ஆறும்வரை கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் அடங்கிவிடும். பெரிதாக இருந்தால் தையலைப் பிரிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நெருங்கிய சாட்டின் தையலைப் பிரித்தால் கேன்வாஸின் ஓரம் அஞ்சல்தலையின் துளை வரிசையைப் போல ஓட்டையாகி, மறுபடி தைக்கும்போது அப்படியே கிழிந்து வரும். தையலோடு சேர்த்து ஒவ்வொரு பக்கத்திலும் 3 மில்லிமீட்டரை நறுக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தைப்பதே நல்லது. அப்படி ஒருமுறை நறுக்கினால் அட்டை 96-க்கு 146 மில்லிமீட்டராகும். இரண்டாம் முறையும் நறுக்கினால் 90-க்கு 140 ஆகும். உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி அஞ்சலட்டைக்கு உரிய குறைந்தபட்ச அளவு இந்த 90-க்கு 140 மில்லிமீட்டர்தான் என்பதால், மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

ஜிக்ஜாக் வசதியில்லாத, நேர்த்தையல் மட்டும் போடும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு நேர்த்தையல் போட்டுவிட்டு, எம்பிராய்டரி நூலில் இரண்டு அல்லது மூன்று இழை எடுத்துக் கையால் பிளாங்கெட் தையல் போட்டால் ஓரம் நெளிவதற்கே இடமில்லை. குத்துகளுக்கு இடையே 4 மில்லிமீட்டர் இடைவெளி பார்வைக்கு அழகாக இருக்கும். கிராஸ் பட்டி கொண்டு பைப்பிங் வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் இவ்வளவு சிறிய அட்டையில் அது தடித்துத் தெரியும்.

ஓரத் தையலுக்கு வெளியே பிசிறு நீள்கிறது

ஊசி வலப்புறம் வீசும்போது அட்டையின் விளிம்பைத் தாண்டி, ஒரு நூலிழை அளவு வெளியே இறங்க வேண்டும். விளிம்புக்கு உள்ளேயே இறங்கினால், தையலுக்கு வெளியே விடப்பட்ட துணி நாளடைவில் பிசிறாகத்தான் செய்யும். சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுற்றி, ஊசி எங்கே இறங்குகிறது என்று பார்த்த பிறகே மிதியுங்கள். தளர்வாக நெய்த துணியாகவோ பட்டாகவோ இருந்தால், ஒட்டிய பின் சுழல் கத்தியால் நறுக்குவது கத்தரிக்கோலைவிடச் சுத்தமான விளிம்பைத் தரும். ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட நூல்களை இழுக்காமல், கூர்மையான சிறு கத்தரிக்கோலைத் தையலுக்கு இணையாகச் சாய்த்து வெட்டி, அகலம் சற்றுக் கூடிய இன்னொரு சுற்றுத் தையலால் மூடிவிடலாம்.

மூலையில் நூல் குவிந்து அட்டை நகராமல் நிற்கிறது

மூலையைத் திருப்பியதும், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டின் முன்பாதி தடித்த அட்டையின் மீதும், பின்பாதி வெறும் தகட்டின் மீதும் இருப்பதால் அது சாய்ந்துவிடுகிறது. கீழுள்ள பற்களுக்குப் பிடி கிடைக்காமல் ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கிறது. அட்டையின் அதே தடிமனுக்கு ஒரு மிச்சத் துண்டை மடித்து ஃபுட்டின் பின்பாதிக்கு அடியில் கொடுத்தால் அது சமநிலைக்கு வந்து அட்டை தானாக நகரும். சாட்டின் தையலுக்கென்று அடிப்பகுதியில் பள்ளம் வைத்த ஃபுட் இருக்கிறது; சாதாரண ஃபுட்டின் தட்டையான அடிப்பகுதி புடைத்த தையலின் மீது ஏற முடியாமல் சிக்கிக்கொள்ளும் என்பதால், இந்த வேலைக்கு அதை மாற்றிக்கொள்வது பயனுள்ளது.

மூலை முழுமையாக மூடப்படாமல் ஓட்டையாகத் தெரிந்தால், ஊசி வெளிவிளிம்பில் கீழே இறங்கியிருக்கும்போது நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, அட்டையைத் திருப்ப வேண்டும். உள்பக்கத்தில் நிறுத்தித் திருப்பினால் மூலையில் முக்கோண வெற்றிடம் விழும். எவ்வளவு பழகியும் கூர்மூலை படியவில்லையென்றால், ஒரு நாணயத்தை வைத்து வரைந்து நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அட்டை ஒரு பக்கமாக வளைகிறது

எந்தப் பக்கம் உள்வளைவாக இருக்கிறதோ அந்தப் பக்கத் துணி சுருங்கியிருக்கிறது. முகப்புப் பக்கம் உள்வளைந்தால், அதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும்: துவைக்காத பருத்தித் துணி சூட்டிலும் நீராவியிலும் சுருங்கியிருக்கும், அல்லது அலங்காரத் தையல் நெருக்கமாக விழுந்து துணியைக் கூட்டிப் பிடித்திருக்கும். துண்டுகளை முன்கூட்டியே துவைத்துத் தேய்த்துக்கொள்வது முதலாவதைத் தடுக்கும். துவைக்கும்போது மென்மையூட்டி சேர்க்க வேண்டாம், அதன் படிவு பசை பிடிப்பதைக் கெடுக்கும். அலங்காரத் தையல் அடர்த்தியாக வரப்போகிறதென்றால், பின்துணியை ஒட்டுவதற்கு முன்னால் தைத்து முடித்து, வளைந்ததைத் தேய்த்து நிமிர்த்திய பிறகே பின்துணியை ஒட்ட வேண்டும். முடிந்த அட்டை வளைந்திருந்தால், இருபுறமும் மறுபடி சூடேற்றிப் பசையை இளக்கி, முழுவதும் குளிரும்வரை கனத்தின் அடியில் தட்டையாக வைத்திருங்கள். பசை குளிரும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். சூட்டோடு கையில் எடுத்துப் பார்க்கும் ஆவல்தான் பல அட்டைகளை வளைக்கிறது.

முகப்புத் துணியில் குமிழ்கள் தோன்றுகின்றன, அல்லது துணி உரிந்து வருகிறது

குளிர்ந்த பிறகு ஒரு மூலையை மெதுவாக உரித்துப் பாருங்கள். பசை வலையின் வடிவம் கலையாமல் ஒரு பக்கத்திலேயே ஒட்டியிருந்தால் சூடோ நேரமோ போதவில்லை. மாறாக, பசை துணியின் மேற்புறத்தில் கருமையான புள்ளிகளாகக் கசிந்திருந்தால் சூடு மிகுந்துவிட்டது. அதை மீட்க முடியாது, மேலே வேறு துண்டை ஒட்டி மறைப்பதே வழி. இஸ்திரிப் பெட்டியை வழக்கம்போல் இழுத்துத் தேய்க்கும்போது துணி நகர்ந்து, நகர்ந்த இடத்தில் குமிழ் உண்டாகிறது. பெட்டியை வைத்து அழுத்தி, பசை வலையின் உறையில் சொல்லியிருக்கும் நேரம்வரை அசைக்காமல் வைத்திருந்து, தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கஞ்சி போட்ட புதுத்துணியில் பசை பிடிக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டு என்ன இழை என்று தெரியாவிட்டால் அதிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, தாள் எரிவது போன்ற மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். உருகும் வகைத் துணிக்கு மேலே சூடு தாங்கும் வெண்ணெய்த்தாளைப் போட்டு, குறைந்த சூட்டில் பலமுறை அழுத்துவது பாதுகாப்பானது. பெட்டியின் அடியில் பசை படிவதையும் அந்தத் தாள் தடுக்கும்.

தையல் விடுபடுகிறது, நூல் அறுகிறது, அடியில் நூல் பந்தாகச் சுற்றிக்கொள்கிறது

இவை மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணங்கள் வேறு. அடியில் நூல் பந்தாகச் சுற்றினால் கீழ் நூல் சுற்றிய பாபினைக் குறை சொல்ல வேண்டாம். மேல் நூல், அதன் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டென்ஷன் தகடுகளுக்கு இடையே அமரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஃபுட் கீழே இறங்கியிருக்கும்போது அந்தத் தகடுகள் நெருங்கி மூடியிருக்கும் என்பதால், ஃபுட்டைத் தூக்கிவைத்த நிலையில்தான் நூல் கோக்க வேண்டும். தையல் விடுபட்டால் ஊசியைக் கழற்றி விரலால் தடவுங்கள்: பிசுபிசுத்தால் பசை படிந்திருக்கிறது, சாராயக் கரைசலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடலாம், பிசுபிசுக்காவிட்டால் முனை மழுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள். இத்தனை அடுக்குகளுக்கு 75/11 எண்ணுள்ள மெல்லிய ஊசி வளைந்துவிடும், சற்றுத் தடித்த 90/14 பொருத்தமானது.

பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனை ஓர் எண் குறையுங்கள். அட்டையின் இரு பக்கமும் கண்ணில் படுவதால், மேலே கோத்த அதே நிற நூலை பாபினிலும் சுற்றிக்கொண்டால் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் தெரியாது.

ஜரிகை நூல் மட்டும் அறுந்துகொண்டே இருந்தால் அது இயந்திரத்தின் கோளாறு அன்று. அந்த நூலில் ஒரு மெல்லிய இழையின் மீது பளபளக்கும் தகடு சுற்றப்பட்டிருக்கிறது. ஊசிக் கண்ணில் உராயும்போது தகடு உரிந்து திரண்டு நூலை அறுக்கிறது. கண் பெரிதான ஊசி, குறைந்த டென்ஷன், மெதுவான ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பலன் கிடைக்கும். அதற்கும் படியாவிட்டால் ஜரிகையைப் பாபினில் சுற்றி, அட்டையைக் கவிழ்த்துப் பின்பக்கமாகத் தையுங்கள். பாபின் நூல் ஊசிக் கண்ணின் வழியே செல்லாது என்பதால் அங்கே உராய்வே இல்லை.

மணிகளும் சமிக்கிகளும் உதிர்கின்றன

கண்ணாடி மணியின் துளை விளிம்பு கூர்மையானது; பருத்தி நூலை அது கொஞ்சங்கொஞ்சமாக அறுத்துவிடும். பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலை இரட்டையாக எடுத்து, ஒவ்வொரு மணிக்குள்ளும் இருமுறை செலுத்தி, நான்கைந்து மணிகளுக்கு ஒருமுறை பின்பக்கம் முடிச்சுப் போட்டால், ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்கும். ஒரே ஓட்டமாக முப்பது மணிகளைக் கோத்து முடிவில் ஒரு முடிச்சுப் போடுவது வேகமானதுதான், ஆனால் பரிசு பெறுபவரின் மேசையில் அவ்வளவும் சிதறும்.

இந்த வேலையில் வரிசை முக்கியம். முகப்பைக் கேன்வாஸில் ஒட்டிய பிறகு, பின்துணியை இணைப்பதற்கு முன்னால் மணி வேலையை முடித்துவிட்டால், முடிச்சுகள் எல்லாம் உள்ளே மறைந்துவிடும். விளிம்பிலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டருக்கு எதையும் தைக்க வேண்டாம். இல்லையென்றால் ஓரம் தைக்கும்போது ஃபுட் மணியின் மீது ஏறி ஊசி முறியும். பிளாஸ்டிக் சமிக்கி சூட்டில் சுருண்டுவிடும் என்பதால், அவை உள்ள அட்டையில் பின்துணியைப் பசை வலையால் ஒட்டுவதைத் தவிர்த்து, பசைக்குச்சியால் அங்கங்கே தொட்டு நிறுத்தி, ஓரத் தையலை நம்பிவிடுவதே நல்லது.

மை பரவுகிறது, அல்லது அழித்த கோடு திரும்பி வருகிறது

பின்பக்கத் துணியில் எழுத்து ஊறிப் பரவினால், துணி தளர்வானது அல்லது மை நீர்த்தன்மை மிகுந்தது. நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தியைக் கஞ்சி தெளித்துத் தேய்த்து, நிறமி மை கொண்ட பேனாவால் எழுதுங்கள். கஞ்சியிட்ட துணியில் பசை பிடிக்காது என்று மேலே சொன்னதால், கஞ்சியை ஒட்டிய பிறகே தெளிக்க வேண்டும். ஓரம் தைப்பதற்கு முன்பே எழுதிவிட்டால், கெட்டுப்போனாலும் அந்த ஒரு துணியோடு போகும்.

அலங்காரத்துக்காக வரைந்த கோடுகளில் விந்தையான ஒரு கோளாறு உண்டு. சூட்டில் மறையும் மை கொண்ட பேனாவின் கோடு, இஸ்திரி பட்டதும் மறைந்தாலும், கடுங்குளிரில் மீண்டும் தோன்றக்கூடியது. அதற்கு மாறாக, நீரில் கரையும் நீலக் குறிப்பான், நனைக்கும் முன்னால் தேய்த்தால் நிலையாகப் பதிந்துவிடும். ஆகவே வெளியே தெரியும் இடத்தில் சுண்ணக்கட்டியே போதும்.

சிறு பரிசுகளில் மூலை மழுங்குகிறது, தையல் திறந்துகொள்கிறது

ஊசிமெத்தை, நறுமணப் பை, புத்தகக்குறி போன்றவற்றைத் தைத்துப் புரட்டும்போது மூலை உருண்டையாக வந்தால், உள்ளே மடிந்த துணி அதிகமாக இருக்கிறது. மூலையில் நேராகத் திரும்பாமல் குறுக்கே ஒரே ஒரு குத்துப் போட்டுத் திரும்பி, தையலுக்கு வெளியே உள்ள துணியைச் சாய்வாக வெட்டிவிட்டுப் புரட்டினால் மூலை கூராக வரும். மழுங்கிய குச்சியால் தள்ளுங்கள், கத்தரிக்கோல் முனையால் தள்ளினால் துணி துளைபடும். அடைத்த பஞ்சு கட்டி கட்டியாகத் தெரிந்தால், சிறு சிறு பிய்ப்புகளாகப் பிரித்து, முதலில் மூலைகளிலும் பிறகு நடுவிலும் அடைக்க வேண்டும். துண்டுத் துணிகளின் விளிம்பு எளிதில் பிசிறுவதால் தையலுக்கு வெளியே 6 மில்லிமீட்டருக்குப் பதில் 10 மில்லிமீட்டர் விடுவதும், தையல் நீளத்தை 2 மில்லிமீட்டருக்குள் வைப்பதும், புரட்டுவதற்காக விட்ட இடைவெளியின் இரு முனைகளிலும் பின்தையல் போடுவதும் பை திறந்துகொள்வதைத் தடுக்கும்.

அனுப்பிய அட்டை நசுங்கியோ உரசியோ போய்ச் சேர்கிறது

மணி, பொத்தான், தொங்கும் நூல் ஆகியவை உள்ள அட்டையை உறையின்றி அனுப்பினால், தரம்பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளுக்கு இடையே அவை சிக்கும். மென்மையான தையல் மட்டும் உள்ள தட்டையான அட்டையை உறையில்லாமல் அனுப்புவதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தடிமனையும் விறைப்பையும் பொறுத்து அஞ்சல் நிலையங்கள் அதை அட்டையாக அன்றிக் கடிதமாகக் கணக்கிடலாம் என்பதால், எடை போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. பொத்தான் வைத்த அட்டை உறைக்குள் போனாலும், மேலிருந்து விழும் அழுத்தத்தில் பொத்தானின் வட்டம் துணியிலும் கேன்வாஸிலும் பதிந்துவிடும். கால் வைத்த குமிழ்ப் பொத்தானைத் தவிர்த்துத் தட்டையான துளைப் பொத்தானைத் தையுங்கள். தவிர்க்க முடியாவிட்டால், தடித்த அட்டைப் பலகையில் நடுப்பகுதியை வெட்டியெடுத்துச் சட்டமாக்கி முகப்பின் மீது வைத்து உறையிலிடுங்கள், பொத்தானின் உயரத்தைவிடச் சட்டத்தின் தடிமன் சிறிதளவு கூடுதலாக இருந்தால் அழுத்தம் முழுவதையும் அதுவே தாங்கிக்கொள்ளும்.